நாலாவது சாவி

வருஷத்தில் ஏழு நாள் அந்தக் குடும்பத்துக்கு ஓர் ஏரி சொந்தமாக இருந்தது. டைல்ஸ் கடை ஓகோவென்று ஓடிய காலத்தில் பெரியவர் ஒரு ரிசார்ட்டில் மெம்பர்ஷிப் எடுத்துப் போட்டிருந்தார். ஒவ்வொரு ஆண்டும் அதே வாரம், அதே மூன்று அறைகள். அவரும் இரண்டு தம்பிகளும் மனைவி மக்களோடு ஒரே வேனில் போய் இறங்குவார்கள். மெம்பர்ஷிப் பெரியவர் பெயரில் இருந்தாலும், மூன்று அறைகளில் எது யாருக்கு என்று பிரிப்பது அவர் கையில் இல்லை. அது அண்ணியின் இலாகா.

அண்ணி, பெரியவரின் மனைவி. கொழுந்தன்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தப் பெயரே நிலைத்து, கடைச் சிப்பந்திகளுக்கும் அடுத்த வீட்டுக்காரர்களுக்கும்கூட அவள் அண்ணியாகிவிட்டாள். கட்டினவரே சில நேரம் வாய் தவறி, "எதுவா இருந்தாலும் அண்ணியக் கேளு" என்பார்.

மூன்று அறைகளும் ஒரே அளவு. ஒரே கட்டில், ஒரே நாற்காலி, ஒரே பூப்போட்ட திரை. வித்தியாசம் எல்லாம் ஜன்னலுக்கு வெளியேதான். நாலாவது மாடியில் 412. பால்கனிக் கதவைத் தள்ளினால் இந்தக் கரையிலிருந்து அந்தக் குன்று வரைக்கும் தண்ணீர்தான். அது எந்த ஆண்டும் அண்ணிக்கு. இரண்டாவது மாடியில் 208. பாதி ஏரி, பாதி மரம். பால்கனியின் இடது மூலையில் நின்று கழுத்தை நீட்டினால் முக்கால் ஏரி என்றும் சொல்லிக்கொள்ளலாம். கடைசியாகத் தரைத்தளத்தில் 109. ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கும். ஜன்னலைத் திறந்தால் சலவைக்கூடத்தின் பின்முற்றம், ஈரச் சுவர், சூடான ஆவியை ஊதிக்கொண்டே இருக்கும் ஒரு தகரக் குழாய். விடிந்தும் விடியாததுமாக மெஷின் ஓட ஆரம்பித்துவிடும்.

208 யாருக்கு, 109 யாருக்கு என்பது வருஷம் முழுக்க நடக்கும் பரீட்சை. கேள்வித்தாள் அண்ணியின் மனசுக்குள் இருக்கும். ஒரு வருஷம் அவளுக்குக் கண்ணில் ஆபரேஷன் நடந்தபோது இரண்டாமவள், அதாவது மூத்த கொழுந்தனின் மனைவி, பத்து நாள் காலையும் மாலையும் வந்து சொட்டு மருந்து விட்டுவிட்டுப் போனாள். அந்த வருஷம் 208 அவளுக்கு. அடுத்த வருஷம் புது சோபாவைப் பார்த்துவிட்டு அதே இரண்டாமவள், "நல்லா இருக்குக்கா, ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி எடுப்பா இருக்கு" என்று சிரித்துத் தொலைத்தாள். தொடர்ந்து இரண்டு வருஷம் 109. அந்த இரண்டு வருஷமும் அவள், "கொஞ்சம் காத்து வாங்கிட்டுப் போறேன்க்கா" என்று மேலே வந்து, 412-இன் பால்கனியிலிருந்து போனில் படம் எடுத்துத் தன் பிறந்த வீட்டுக்கு, "எங்க ரூம்" என்று அனுப்பினாள். அண்ணிக்கு அது தெரியும். தெரியாத மாதிரி இருப்பதில் ஒரு சுகம் இருந்தது.

இளைய கொழுந்தன் சின்னவனின் மனைவி, சின்னவள், வேறு ரகம். மருந்துக்கடையில் வேலை. சீட்டைப் பார்ப்பாள், எட்டி எடுப்பாள், கொடுப்பாள். வீட்டிலும் அப்படித்தான், அளந்துதான் பேச்சு. அண்ணியைக் குளிர வைக்கவும் மாட்டாள், சுட வைக்கவும் மாட்டாள். 109 சாவியைக் கையில் கொடுத்தால், "எந்த ரூமா இருந்தா என்னக்கா, தூங்கத்தானே போறோம்" என்று வாங்கிக்கொண்டு போய்விடுவாள். அண்ணியைச் சுருக்கென்று குத்தியது அந்த ஒரு வாக்கியம்தான். கொடுப்பதற்கு மதிப்பே இல்லாமல் செய்துவிடுகிறாளே!

ஏரி பெரியவருக்கு ஒரு பொருட்டே இல்லை. நாலாவது மாடி ஏறியதும் அவர் போடும் முதல் ஸ்விட்ச் டிவி ஸ்விட்ச். "தண்ணிய என்னத்தப் பாக்குறது? நேத்து இருந்த மாதிரியேதானே இன்னிக்கும் இருக்கு" என்பார். அண்ணி பால்கனிப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவளுக்கு அந்த ஜன்னல் ஒரு நீண்ட கணக்கின் மிச்சம். இருபது வயதில் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது இருந்தது இரண்டே அறை. தெருப்பக்கம் ஜன்னல் உள்ள அறை, பையன்கள் படிப்பதற்கு. புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் சமையலறைக்குப் பின்னால் மூட்டை முடிச்சு வைக்கும் இடத்தில் படுத்தார்கள். அங்கே ஜன்னல் கிடையாது. மாமியார் படுத்த படுக்கை. சின்னவனுக்கு அப்போது ஏழு வயது. அவனுக்குத் தலை சீவி விட்டதும், பேன் பார்த்ததும், கணக்கில் தோற்று வந்தால் அவன் அண்ணனிடமிருந்து மறைத்ததும் எல்லாம் அவள்தான். பள்ளிக்கூடத்தில் அம்மா பெயர் கேட்டால் அண்ணி பெயரைச் சொல்லிவிட்டு வருவான். இப்போது அவன் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லித் தருகிறான். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அடுத்தவர் செய்யும் தப்புக்கெல்லாம் தன் காலடியில் ஒரு பிரேக் வைத்திருக்கும் பிழைப்பு. கோபம் என்றால் என்ன விலை என்று கேட்கும் ஆள்.

அந்த வருஷம் சின்னவளுக்கு ஆறாம் மாதத்தில் குழந்தை போய்விட்டது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத் தங்கிய கரு. அண்ணி ஒரு குறை வைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு, மாற்றுத் துணி, டாக்டரிடம் பேச்சு எல்லாம் அவள்தான் பார்த்தாள். பதினொரு நாள் அலைந்தாள். ஆனால் சின்னவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாளே தவிர, ஒரு தடவைகூட அண்ணியின் தோளில் சாயவில்லை.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் சின்னவன் போன் செய்தான்.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுடா."

"இந்தத் தடவ மட்டும் அவளுக்கு ஏரி தெரியற மாதிரி ரூம் குடுங்க அண்ணி. ரெண்டு மாசமா சுவரையே பாத்துட்டு உக்காந்திருக்கா. டாக்டரும் எடம் மாத்துங்கன்னு சொல்றாங்க. தண்ணியப் பாத்துட்டு உக்காந்திருந்தா கொஞ்சம் மனசு மாறும்னு தோணுது."

"பாக்கலாம்டா" என்று வைத்துவிட்டாள்.

வைத்தவளுக்கு வெகுநேரம் வேலை ஓடவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் யாருக்காகவும் எதையும் கேட்டதில்லை. அவளுக்கும் ஒன்று போயிருக்கிறது. கல்யாணமாகி வெளியூர் போய்விட்ட மகள் பிறப்பதற்கு முன்னால், எட்டாம் மாதத்தில். மூன்றாம் நாள் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். சின்னவனுக்குப் பரீட்சை, டிபன் கட்ட வேண்டியிருந்தது. அதன் பிறகு அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அன்றைக்கு எனக்கு யார் ஜன்னல் திறந்து காட்டினார்கள் என்று ஒரு கேள்வி எழுந்தது. அதை யாரிடமும் கேட்க முடியாது என்பதும் கூடவே எழுந்தது.

ரிசார்ட்டில் வேன் நின்றதும் ஆண்கள் பெட்டிகளை இறக்கப் போனார்கள். இரண்டாமவளின் பையன்கள் இருவரும் நீச்சல் குளம் இருக்கும் இடத்திலேயே இருக்கிறதா என்று பார்க்க ஓடினார்கள். அண்ணி மட்டும் வழக்கம்போல ரிசப்ஷனுக்குப் போனாள். கவுன்ட்டரில் இருந்த பெண் பதிவேட்டைப் புரட்டிவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக நிமிர்ந்தாள்.

"மேடம், உங்களுக்கு ஒரு நல்ல சேதி. மெம்பராகி பத்து வருஷம் ஆச்சு. அதனால இந்தத் தடவ ஒரு ரூம் எங்க அன்பளிப்பு. உங்க பக்கத்து ரூம்தான், 411. ஃபுல் லேக் வியூ."

மரக்கட்டையில் கோத்த நாலு சாவிகளை அவள் வரிசையாக வைத்தாள். அண்ணி கையெழுத்துப் போட்டாள். திரும்பிப் பார்த்தாள். வேனின் நிழலில் சின்னவள் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டாமவள் தண்ணீர் பாட்டில் நீட்டிக்கொண்டிருந்தாள்.

411 சாவியைக் கைப்பைக்குள் போட்டபோது அண்ணியின் மனசில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதை அவள் சத்தியம் செய்தே சொல்லியிருப்பாள். சாயங்காலம் கொடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். முதலில் 109-ஐக் கொடுப்பது. சின்னவள் முகம் சுருங்கும். இல்லை, சின்னவனாவது மேலே ஓடி வந்து, "என்ன அண்ணி, சொன்னேனே" என்பான். அப்போது பையைத் திறந்து, "இந்தாடா, உனக்குன்னு கேட்டு வாங்கி வச்சிருக்கேன்" என்று எடுத்துக் கொடுப்பது. கண்ணில் தண்ணீர் வரும், அவனுக்கோ அவளுக்கோ. யாருக்கு வந்தாலும் சரிதான்.

எல்லோரும் உள்ளே வந்ததும் அண்ணி சாவிகளைப் பிரித்தாள். 208 இரண்டாமவளுக்கு. அதைக் கையில் வாங்கிய வேகத்தில் இரண்டாமவள் சின்னவளைப் பார்க்காமல் ஷாண்டிலியர் விளக்கைப் பார்த்தாள். 109-ஐ அண்ணி சின்னவனிடம் நீட்டினாள்.

சின்னவன் எண்ணைப் பார்த்தான். பிறகு அண்ணியைப் பார்த்தான்.

"பச்சை உடம்புடா அவளுக்கு. மாடி ஏறி எறங்க வேணாம். கீழயே இருக்கட்டும்" என்றாள் அண்ணி.

லிப்ட் அவர்களுக்குப் பின்னால் திறந்து மூடியது. சின்னவன் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டான். "வா" என்று மனைவியின் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டான்.

சாயங்காலம் அவன் மேலே வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் இருவரும் வந்து உட்கார்ந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். "ரூம் வசதியா இருக்கா?" என்று அண்ணியே வாய் விட்டுக் கேட்டாள். "இருக்குக்கா" என்றாள் சின்னவள். அவ்வளவுதான். அண்ணியின் கைப்பைக்குள் சாவியின் மரக்கட்டை மூக்குக் கண்ணாடிக் கூட்டில் இடித்துக்கொண்டே இருந்தது.

அன்று மத்தியானம், பெரியவர் டிவி முன்னால் வாயைத் திறந்தபடி தூங்கும்போது, அண்ணி 411-ஐத் திறந்து உள்ளே போனாள். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான். மடிப்புக் கலையாத படுக்கை. துண்டை அன்னப்பறவை போல மடித்து வைத்திருந்தார்கள். டிவியின் கண் அணைந்திருந்தது. அவள் பால்கனியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அதே ஏரிதான். ஆனால் பின்னால் குறட்டை இல்லை, யாரும் கூப்பிடவில்லை, எழுந்து செய்ய வேண்டியது எதுவும் இல்லை. ஐம்பத்தெட்டு வயதில், தனக்கென்று ஓர் அறையில் தனியாக உட்கார்ந்திருப்பது அதுதான் முதல் தடவை என்று அவளுக்கு உறைத்தபோது ஒரு மணி நேரம் கழிந்திருந்தது. கிளம்பும்போது நாற்காலியைப் பழைய இடத்தில் வைத்தாள். தரையில் காலடித் தடம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தாள், திருட வந்தவள் மாதிரி.

மூன்றாம் நாள் காலையில் மனசு கேட்காமல் அவளே 109-க்கு இறங்கிப் போனாள். சாவி பையில் இருந்தது. கொடுத்துவிடுவது என்று பாதி முடிவு.

சின்னவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். சின்னவள் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அண்ணி அவள் தோளுக்கு மேலாக வெளியே பார்த்தாள்.

முற்றத்தில் குழந்தைக் கட்டில்கள். கைக்குழந்தையோடு வரும் விருந்தாளிகளுக்குப் போட்டுக் கொடுக்கும், நாலு பக்கமும் கம்பி வைத்த குட்டிக் கட்டில்கள். ஏழெட்டு இருக்கும். ஒருத்தி ரப்பர் குழாயால் ஒவ்வொன்றாகக் கழுவி, வெயில் பார்த்து வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தாள். கொடியில் கைக்குட்டை கைக்குட்டையாகச் சின்ன விரிப்புகள் காய்ந்தன.

"இதென்னடி இது?" என்றாள் அண்ணி.

"தெனமும் கழுவுறாங்கக்கா."

"திரையப் போட்டுக்க வேண்டியதுதானே?"

"போட்டா இருட்டா இருக்கு."

இதுதான் நேரம். கையைப் பைக்குள் விட்டால் முடிந்தது. அண்ணி விட்டும்விட்டாள், விரல் மரக்கட்டையைத் தொட்டுவிட்டது. ஆனால் அவளுக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. ஒரே ஒரு சொல். 'முடியலக்கா' என்று ஒரு தடவை சொன்னால் போதும்.

"கஷ்டமா இருக்கா உனக்கு? இருந்தா சொல்லு. வாயத் தெறந்து சொன்னாத்தானே தெரியும்."

சின்னவள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். சீட்டில் எழுதியிருப்பதைப் படிப்பதுபோல நிதானமான பார்வை.

"இல்லக்கா. பழகிடுச்சு."

அண்ணி கையை வெளியே எடுத்தாள். கைக்குட்டையை எடுக்கப் போனவள் மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பழகிடுச்சுன்னா சரி" என்று வெளியே வந்துவிட்டாள். லிப்டில் ஏறிப் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினாள். திமிர். உடம்பு பூரா திமிர். குழந்தை போனால் இவளுக்கு மட்டும்தான் போகிறதா? நானும்தான் எட்டு மாசம் சுமந்தேன், யாரிடம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன்? உட்காரட்டும். பார்க்கட்டும். நாலாவது மாடி வருவதற்குள் கொடுக்காமல் இருப்பதற்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டது. மத்தியானம் 411-இல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாள். அன்று ஏரி கண்ணில் படவே இல்லை. இருந்தாலும் எழுந்து வரவில்லை.

ஐந்தாம் நாள் காலை, சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் ஒரே மேஜையில் இருந்தார்கள். பெரியவர் முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். நாலாவது மாடியைச் சுத்தம் செய்கிற பெண்மணி மேஜை பக்கம் வந்து நின்றாள். வெள்ளந்தி. மேலும் அண்ணி முதல் நாளே அவளுக்குப் புடவை ஒன்று கொடுத்திருந்ததால் தனி மரியாதை.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். 411-ல தெனமும் விரிப்பு மாத்தணுமா? அஞ்சு நாளா யாருமே படுக்கல. சோப்புகூடப் பிரிக்கல. நீங்க மட்டும் மத்தியானம் வந்து உக்காந்துட்டுப் போறீங்க. படுக்க ஆள் வர்றாங்கன்னா சொல்லுங்க, புதுசா போட்டுடுறேன்."



முதலில் வாயைத் திறந்தது இரண்டாமவள். "நாலாவது ரூமா? நமக்கா?" கண் அகல விரிந்தது. "ஏன்க்கா, சொல்லவே இல்ல! அய்யோ, ஃபுல் லேக் வியூ ஆச்சே அது. பூட்டியா வச்சிருந்தீங்க?" அந்த 'அய்யோ'வில் சின்னவளுக்கான பரிதாபம் கால்வாசி, தனக்குக் கிடைத்திருக்க வேண்டியது என்ற ஆற்றாமை முக்கால்வாசி. கூடவே, பத்து வருஷமாகப் பரீட்சை எழுதியவளுக்கு வாத்தியாரே மாட்டிக்கொண்டதைப் பார்க்கும் குஷி.

"என்ன ரூம்? எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்றார் பெரியவர். பாதி உரித்த முட்டை கையில் இருந்தது. தன்னை முதலில் கழற்றிவிட்டுக்கொள்வதில் அவருக்கு நிகர் அவர்தான்.

"அவங்க அன்பளிப்பாக் குடுத்தது" என்றாள் அண்ணி. "யாராவது வந்தா வேணும்னு…"

"யாரு வர்றதா இருந்தாங்க?" இது இரண்டாமவன். இன்சூரன்ஸ் ஆபீசில் கிளைம் பார்க்கிறவன். கேட்கிற கேள்வி எப்போதும் சரியாக இருக்கும்.

அண்ணி கைப்பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். அவள் சின்னவனையே பார்த்தாள். அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"அண்ணி, அந்தச் சாவியக் குடுங்க."

குரல் உயரவில்லை. அண்ணி பையைத் திறந்து சாவியை எடுத்து நீட்டினாள். ஒரு கணம் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. கேட்டுவிட்டான், கொடுத்தாயிற்று, இனிமேல் எல்லாம் சரியாகப் போகும். மிச்சம் இரண்டு நாள் இருக்கிறதே.

சின்னவன் சாவியை வாங்கி, நின்றுகொண்டிருந்த பெண்மணியிடம் நீட்டினான். "இத ரிசப்ஷன்ல குடுத்துடுங்கம்மா. எங்க ஆளுங்க யாருக்கும் வேணாம். 109-ம் இன்னும் அரை மணியில காலி பண்றோம்."

"டேய்!" அண்ணி எழுந்தேவிட்டாள். "என்னடா பேசுற? நான் என்ன வேணும்னா செஞ்சேன்? அன்னிக்கே குடுக்கத்தான் இருந்தேன். நீ மேல வருவேன்னு பாத்தேன். ஒரு வார்த்த வந்து கேட்டியா நீ?"

"போன்ல கேட்டேனே அண்ணி."

"அது இவளுக்காகக் கேட்ட!" வாயிலிருந்து வந்த பிறகுதான் அவளுக்கே கேட்டது. ஆனால் நிறுத்த முடியவில்லை. "எனக்கும்தான்டா போச்சு. எட்டு மாசம். மூணாம் நாள் எழுந்து உனக்கு டிபன் கட்டிக் குடுத்தேன். ஞாபகம் இருக்கா? எந்த ஏரியக் காட்டுனீங்க எனக்கு? நான் உக்காந்து சுவத்தப் பாத்தேனா? அழுதேனா?"

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சின்னவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு ஞாபகம் இருந்ததோ இல்லையோ, முகத்தில் தெரியவில்லை.

பதில் சொன்னது சின்னவள். பத்து வருஷத்தில் அவள் அண்ணியிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"அதனாலதான்க்கா நான் அழுறேன். அழாம விட்டா என்ன ஆகும்னு உங்களப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்."

சத்தமே இல்லாமல் சொன்னாள். கடையில் 'இது சாப்பாட்டுக்கு அப்புறம்' என்று சொல்வது போல. சொல்லிவிட்டு எழுந்து, நாற்காலியை உள்ளே தள்ளி வைத்துவிட்டுப் புருஷனோடு நடந்தாள். அண்ணி பெரியவரைப் பார்த்தாள். அவர் முட்டையில் உப்புத் தூவிக்கொண்டிருந்தார்.

சின்னவனும் மனைவியும் வெளி கேட்டில் போய் நின்று பஸ் பிடித்துப் போனது நாலாவது மாடிப் பால்கனியிலிருந்து தெரியவில்லை. அந்தப் பால்கனியிலிருந்து ஏரி மட்டும்தான் தெரியும். அண்ணி லிப்டுக்குக் காத்திராமல் படியிறங்கி ஓடி வந்தபோது ரிசப்ஷன் பெண், "இப்பத்தான் மேடம், பஸ் ஏறிட்டாங்க" என்றாள். பிறகு சிரிப்பு மாறாமல், "411 வேற மெம்பருக்குக் குடுத்துட்டோம், பரவாயில்லையா?" என்றாள். புதிதாக வந்தவர்கள் அந்த இரண்டு நாளும் பால்கனிக் கதவைத் திறக்கவே இல்லை. திரைக்குப் பின்னால் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

மிச்சம் இருந்த நாட்களில் பெரியவர் ஒரே ஒரு தடவை அந்தப் பேச்சை எடுத்தார். விளம்பர இடைவேளையில் சொன்னார்: "குடுத்துத் தொலைச்சிருக்கலாம்ல? சும்மா கெடந்த ரூம்தானே."

"சும்மா கெடக்கல" என்றாள் அண்ணி.

"பின்ன?"

விளம்பரம் முடிந்துவிட்டது. அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

அடுத்த ஆண்டு சின்னவன் வரவில்லை. போன் செய்தால் எடுப்பான், "நல்லா இருக்கோம் அண்ணி, சாப்டீங்களா?" என்பான், மரியாதைக்கு ஒரு குறைவும் இருக்காது. வங்கியில் கணக்குத் திறக்கப் போனவர்களிடம் பேசுகிற மாதிரி இருக்கும். இரண்டாமவன் குடும்பம் ஒரு வருஷம் வந்தது. பரீட்சைக்குப் போட்டி இல்லாமல் 208 தானாகவே கிடைத்ததில் இரண்டாமவளுக்குச் சுரத்து போய்விட்டது. அதற்கடுத்த வருஷம் பையன்களுக்கு டியூஷன் என்று சொல்லி நின்றுகொண்டார்கள். பெரியவரும் அண்ணியும் மட்டும் போனார்கள். மற்ற இரண்டு அறைகளையும் ரிசார்ட்காரர்களே எடுத்துக்கொண்டார்கள். அண்ணி 412-இன் பால்கனியில் உட்கார்ந்து பார்ப்பாள். பின்னால் டிவி அலறும்.

சின்னவனுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி அவளுக்குப் பதினாறு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் ஒரு கல்யாணப் பந்தியில், கை கழுவும் இடத்தில், இரண்டாமவள் வாய் தவறியதுபோல் சொல்லித்தான்.

"உங்களுக்குத் தெரியாதாக்கா? அய்யோ, நான் வேற… சொல்லிருப்பாங்கன்னு நெனச்சேன்."

"எப்படி இருக்கு? நல்லா இருக்கா?" அண்ணியின் ஈரக்கை அப்படியே நின்றது. "போட்டோ இருக்கா?"

இரண்டாமவள் போனை எடுத்தாள். தேடினாள். ஒரு வெள்ளைத் துணிச் சுருளும் அதில் ஒரு செக்கச் செவேலென்ற முகமும் வந்தன. அண்ணி கண்ணாடியைத் தேடிக் கைப்பையைத் துழாவினாள். மாட்டிக்கொண்டு குனிவதற்குள் திரை கறுத்துவிட்டது.

"இன்னொரு தடவ காட்டேன்."

"சார்ஜ் இல்லக்கா" என்றாள் இரண்டாமவள். "பந்தியில எடம் போயிடும், வாங்க." போனை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். அந்தப் போன் இரண்டு தடவை விடாமல் மணியடித்தது. அவள் எடுத்துப் பேசிக்கொண்டே பந்திக்குள் போனாள்.

அண்ணி குழாயடியிலேயே நின்றாள். பின்னால் வரிசையில் இருந்த யாரோ, "கழுவியாச்சுன்னா நகருங்கம்மா" என்றார்கள். அவள் நகர்ந்தாள்.